படத்தை அழிக்காதீர்கள், முதலில் திறந்து பாருங்கள்

(மன்னாரில் எமது சங்கத்தின் இளைஞர், மாதர் அணி அங்கத்தவர்களுக்கு நடந்த வீடியோப் பயிற்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



மலையிலிருந்து பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். காலையில் தலைமன்னார் இறங்குதுறையையும் பார்த்துவிட்டீர்கள். இந்தக் கரையில் இறங்கித்தான் நம்முடைய முன்னோர் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு, இதே துறையில் கப்பல் ஏறித்தான் லட்சக்கணக்கானோர் திரும்பிப் போனார்கள். நம் வீடுகளில் அவர்களுடைய போட்டோ ஒன்றிரண்டு இருக்கும். அவர்கள் பேசிய பேச்சு நம்மிடம் இல்லை. இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. அப்படியிருந்தும் பேச்சு தொலைந்துகொண்டுதான் இருக்கிறது. அது எப்படித் தொலைகிறது, எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் கல்யாண வீடு, சாமத்திய வீடு, திருவிழா என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு இறங்கி வந்த குடும்பம் எங்களுடையது. அதனால் இது எனக்கும் சொந்தக் கதைதான்.

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த மலையகம் 200 நடைபயணம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு நாள் தோட்டத்துத் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். இரவல் கமராவிலும் தன்னுடைய போனிலும் தன் அப்பாயி பேசுவதைப் பிடித்திருந்தார். எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்த லயத்தில் யார் இருந்தார்கள், கப்பலேறிப் போன தங்கச்சியின் பெயர் என்ன, எல்லாம் அந்தக் கிழவி சொல்லியிருக்கிறார். லப்டொப்பில் போட்டால் கமரா பைலைச் சொப்ட்வெயார் ஏற்கவே இல்லை. போனில் எடுத்தது குரல் மட்டும் கேட்கிறது, படம் கறுப்பாக நிற்கிறது. “அண்ணன், கார்ட் பழுதாப் போச்சு. போர்மட் பண்ணி கமராக்காரருக்குத் திருப்பிக் கொடுக்கணும்” என்றார்.

கார்ட் பழுதே இல்லை. வி.எல்.சி. என்ற இலவசப் பிளேயரில் போட்டதும் இரண்டும் ஓடின. போனில் எடுத்த இன்னொன்று மட்டும் கிடைக்கவில்லை. இடம் போதவில்லை என்று அதை வட்ஸ்அப்பில் அத்தைக்கு அனுப்பிவிட்டு, போனில் அழித்திருந்தார். அத்தையிடம் இருந்த பிரதியில் அப்பாயியின் முகம் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. அதற்கு என்னாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகவே முதல் பாடம் இதுதான். சொப்ட்வெயார் திறக்கவில்லை என்றால் பைல் பழுது என்று அர்த்தம் இல்லை.

ஏன் திறப்பதில்லை? தேயிலைப் பக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பக்கெட், உள்ளே தூள். பக்கெட் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பி.ஓ.பி.யும் இருக்கலாம், டஸ்ட்டும் இருக்கலாம். வீடியோவும் அப்படித்தான். எம்பி4, எம்.ஓ.வி., எம்.டி.எஸ். என்று பெயருக்குப் பின்னால் வருவது பக்கெட். உள்ளே படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறை வேறு. அதற்குக் கோடெக் என்று பெயர். இரண்டு பைலும் எம்பி4 என்றே இருக்கும். ஒன்றுக்குள்ளே 2003இல் வந்த எச்.264, மற்றதற்குள்ளே 2013இல் வந்த எச்.265. பழைய லப்டொப்புக்கு முதலாவது தெரியும், இரண்டாவது தெரியாது. பெயரை மாற்றி எழுதினால் சரியாகிவிடும் என்று சிலர் செய்கிறார்கள். பக்கெட்டின் லேபலை மாற்றினால் உள்ளே இருக்கும் தூள் மாறுமா?

நம் வீடுகளில் இருக்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, சின்னக் கசட். மினி டிவி என்பார்கள். 1995இல் வந்த முறை. ஒரு மணித்தியாலக் கசட்டை கணினியில் ஏற்றினால் சுமார் 13 ஜிபி வரும். ஏற்றுவதற்கு பயர்வயர் என்ற வயரும் துவாரமும் வேண்டும். இப்போதைய லப்டொப்பில் அது இல்லை. மலையில் ஈரம் அதிகம், கசட்டில் பூஞ்சணம் பிடிக்கும். ஓடுகிற கமராவும் குறைந்துகொண்டே போகிறது. இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, ஏ.வி.சி.எச்.டி. சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து 2006இல் கொண்டுவந்தது. கையில் பிடிக்கிற கமராக்கள் பலவற்றில் இதுதான். எம்.டி.எஸ். என்று முடியும். அந்தக் காலத்து விண்டோஸ் எக்ஸ்பி மூவி மேக்கர் இதைத் தொடவே தொடாது. நீண்ட பேச்சை கமரா தானே பல துண்டுகளாக வெட்டி வைக்கும். கார்டிலிருந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி எடுக்காதீர்கள். பிரைவட் என்ற போல்டரை உள்ளே இருப்பதோடு அப்படியே முழுதாகக் கொப்பி பண்ணுங்கள். பொறுக்கினால் துண்டும் விடுபடலாம், சேருமிடத்தில் ஒரு சொல்லும் விழுந்துபோகலாம்.

மூன்றாவது, புதிய போன்கள். ஐபோனில் 2017இலிருந்து எச்.265 வந்தது. ஒரே தரத்துக்கு ஏறக்குறைய பாதி இடம்தான் பிடிக்கும், அதனால் போன் கம்பனிகளுக்கு அது விருப்பம். விண்டோஸில் அதைப் பார்க்க சில நேரம் தனியாகச் சிறு கட்டணம் கேட்கும். எடுப்பதற்கு முன்பே தவிர்க்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், கமரா, போர்மட்ஸ் போய் ‘மோஸ்ட் கொம்பாட்டிபிள்’ என்று வையுங்கள். ஆண்ட்ராய்ட் போன்கள் பலவற்றில் கமரா செட்டிங்ஸில் ‘ஹை எபிசியன்சி’ என்று இருப்பதை நிறுத்துங்கள்.

போனில் இன்னொரு சிக்கல். வெளிச்சத்தைப் பார்த்து ஒரு செக்கனுக்கு எத்தனை படம் என்பதைப் போன் கூட்டிக் குறைக்கும். சில சொப்ட்வெயாரில் வெட்டும்போது வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போவது இதனால்தான். அது உங்கள் பிழை அல்ல.

எடுத்தாகிவிட்டது, திறக்கவில்லை. இப்போது என்ன செய்வது? எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று, கார்டையோ போனையோ அழிக்க வேண்டாம். இரண்டு இடத்தில் கொப்பி வையுங்கள். ஒன்று லப்டொப்பில், மற்றது வெளி ஹார்ட் டிஸ்கில் அல்லது பென் டிரைவில். இரண்டும் ஒரே லயக் காம்பிராவில் இருக்க வேண்டாம். கூரை ஒழுகினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இரண்டு, வி.எல்.சி.யில் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் பைல் நல்லது.

மூன்று, ஹேண்ட்பிரேக் என்ற இலவச சொப்ட்வெயாரால் மாற்றுங்கள். எம்பி4, எச்.264, ‘கொன்ஸ்டன்ட் பிரேம்ரேட்’ என்று தெரிவு செய்யுங்கள். தரம் என்ற இடத்தில் 20 அல்லது 22 போதும். பழைய கமராவில் எடுத்தது, அசையும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடு விழுந்தால், ‘டீ-இன்டர்லேஸ்’ என்பதையும் போடுங்கள்.

நான்கு, மாற்றிய பிரதியில்தான் வெட்டி ஒட்ட வேண்டும். மூலத்தில் கை வைக்கக்கூடாது. ஷொட்கட் இலவசமாகக் கிடைக்கிறது. லப்டொப் திணறினால் அதில் ‘ப்ரொக்சி’ என்று ஒன்று உண்டு. சிறிய பிரதியை வைத்து வேலை செய்துவிட்டு, கடைசியில் பெரியதிலிருந்து எடுத்துத் தரும்.

ஐந்து, வட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் வீடியோவாக அனுப்பாமல் ‘டொக்கியூமென்ட்’ ஆக அனுப்புங்கள். 2 ஜிபி வரை அப்படியே போகும். வீடியோவாக அனுப்பினால் நசுக்கித்தான் அனுப்பும்.

ஒரு சின்ன விசயம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் 30 படம் என்று வைத்து எடுத்தால் படம் துடிக்கலாம். கமராவில் 25 என்று இருந்தால் அதை வையுங்கள்.

தாய்மார்கள் ஒரு கேள்வி கேட்கலாம். “தம்பி, நமக்கு எதற்கு இதெல்லாம்? நாங்கள் என்ன சினிமாவா எடுக்கப் போகிறோம்?” நியாயமான கேள்வி.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசைப் படம் பிடிக்கிறீர்கள். மண்சரிவில் வெடித்த லயச் சுவரைப் பிடிக்கிறீர்கள். தொழில் திணைக்களத்துக்கோ தொழில் நியாய சபைக்கோ அதைக் கொண்டுபோகும் நாள் வரலாம். வெட்டி ஒட்டியதை மட்டும் கொடுத்தால், முன்னாலும் பின்னாலும் என்ன இருந்தது என்று எதிர்த்தரப்பு கேட்கும். வட்ஸ்அப் பிரதியில் எடுத்த திகதி நேர விபரமும் அப்படியே இருக்காது. மூலம் கையில் இருந்தால் சங்கம் தைரியமாகப் பேசலாம். துண்டு வைப்பது போலத்தான் இதுவும். செக்ரோல் துண்டைப் பத்திரமாக வைத்தவர்தானே கடைசியில் சம்பளப் பாக்கியைக் கேட்டு வாங்க முடிந்தது?

அந்தத் தம்பியின் அப்பாயி போன வருடம் காலமானார். மாற்றிக் கொடுத்த பைலை எட்டாம் நாள் காரியத்தில் போட்டார்களாம். கப்பலேறிப் போன தங்கச்சியின் பெயரை அன்றுதான் பேரப்பிள்ளைகள் முதல்முறை கேட்டார்கள். தமிழ்நாட்டில் அந்தக் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிடைக்குமா, கிடைக்காதா என்பது வேறு விசயம். தேடுவதற்கு ஒரு பெயராவது கையில் இருக்கிறது.

ஊருக்குப் போனதும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு பட்டியல் எடுங்கள். யார் வீட்டில் கசட் இருக்கிறது, யாரிடம் பழைய கார்ட் இருக்கிறது, யார் போனில் பெரியவர்களின் பேச்சு இருக்கிறது என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவற்றைக் கொண்டுவாருங்கள். நான் லப்டொப்போடு வருகிறேன். அதுவரை ஒன்றையும் அழித்துவிடாதீர்கள்.