தறிச் சத்தத்தில் கேட்ட குரல்



"மாத்திரை எழுத டாக்டர் இருக்காங்க, ஊசி போட சிஸ்டர் இருக்காங்க. வார்டுல உங்களுக்கு என்னங்க வேலை?" ஜலகண்டாபுரம், தாரமங்கலம், எடப்பாடிப் பக்கத்திலிருந்து நோயாளியைக் கூட்டிவருகிறவர்கள் எங்களைப் போன்ற மருத்துவ உளவியலாளர்களிடம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். மனச்சிதைவு, இருதுருவ மனநோய், கடுமையான மனச்சோர்வு போன்ற தீவிர மனநோயோடு வார்டில் சேர்க்கப்பட்டவருக்கு உளவியலாளர் என்ன செய்கிறார், அந்த வேலையை அவர் எங்கே, யாரிடம் கற்கிறார் என்பதை இன்று சொல்கிறேன்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இன்று நிம்ஹான்ஸ் என்று நாம் அறிந்த நிறுவனத்தின் முன்னோடியான அகில இந்திய மனநலக் கழகத்தில், 1955இல் உளவியலாளர்களுக்கான மருத்துவமனைப் பயிற்சி தொடங்கியது. அது பின்னாளில் இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பானது. அமெரிக்காவில் முனைவர் பட்டம் முடித்தவர்களும் தீவிர மனநோய்க்கென்றே ஓராண்டோ ஈராண்டோ மேற்பயிற்சி பெறும் வழக்கம் உண்டு. 2019இல் அங்குள்ள உளவியல் சங்கம் தீவிர மனநோய் உளவியலைத் தனிச்சிறப்புத் துறையாகவே ஏற்றுக்கொண்டது. பட்டம் வாங்கிய பிறகும் எதற்கு இன்னொரு பயிற்சி என்று கேட்பீர்கள். இந்த நோய்களைப் பற்றிப் புத்தகத்தில் படிக்கலாம். நோயோடு வாழும் மனிதரை வார்டில் உட்கார்ந்துதான் படிக்க முடியும்.

பாடத்திட்டத்தை இத்தோடு விடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன்: மதிய நேரத்து வார்டு.

காலையில் ரவுண்ட்ஸ் முடிந்துவிடும். சாப்பாடு முடிந்து, தட்டு கழுவி, பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் நைசாக நூலகத்துக்குக் கிளம்புவார்கள். "எங்கேயும் போகாதீங்க, கேரம் போர்டை எடுங்க" என்பேன். ஓர் ஆட்டம் முடிவதற்குள் எவ்வளவு தெரிந்துவிடும் தெரியுமா! தன் முறைக்காகக் காத்திருக்க யாரால் முடிகிறது, பாதியில் யாருடைய கவனம் சிதறுகிறது, காயை அடிக்கும் முன் யார் வேறெங்கோ திரும்பித் தலையாட்டுகிறார் என்று எல்லாம் தெரியும். அறைக்குள் எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால், "நல்லா இருக்கேங்க" என்ற ஒரே பதிலோடு எழுந்து போய்விடுகிறவர்கள் இவர்கள்.

அப்படி ஒரு மதியத்தில்தான் ஒரு விசைத்தறித் தொழிலாளி என்னிடம் வாய் திறந்தார். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். தன்னைத் திட்டும் குரல் கேட்கிறது என்று சேர்க்கப்பட்டவர். வார்டில் அவருக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. "நடிக்கிறானோ?" என்று வீட்டாருக்கே சந்தேகம். கேரம் ஆடிக்கொண்டிருந்தபோது மேலே மின்விசிறி கடகடவென்று ஆடத் தொடங்கியது. அவர் கை நின்றது. "இதோ, வந்துருச்சுங்க" என்றார். "எது?" என்றேன். "தறியில கேக்குமே, அந்தக் குரல். தறி ஓடுனா பேசும், நின்னா நின்னுரும்."

நேயர்களே, வெளியிலிருந்து ஓர் உண்மையான சத்தம் வரும்போது அதோடு சேர்ந்து மட்டுமே குரல் கேட்பது மனச்சிதைவு நோயில் உண்டு. குழாயில் தண்ணீர் விழும்போது மட்டும் கேட்பவர்களைப் பற்றிப் பாடநூல்கள் சொல்கின்றன. நம் ஊரில் அது தறிச் சத்தமாக வந்திருக்கிறது. அவர் நடிக்கவில்லை. சத்தமில்லாத வார்டில் குரலும் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

மருத்துவர் மாத்திரையைத் தொடர்ந்தார். எங்கள் வேலை அதற்குப் பக்கத்தில் தொடங்கியது. எந்த நேரத்தில், எந்தச் சத்தத்தில், என்ன சொல்கிறது என்று அவரையே ஒரு நோட்டில் எழுதவைத்தோம். குரல் வரும்போது சத்தமாகப் படிப்பது, மெல்லப் பாட்டை முணுமுணுப்பது, பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். அவருக்கு முணுமுணுப்பு உதவியது. அடுத்து, "குரல் சொன்னதைக் கேக்கலைன்னா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டோம். "கை விளங்காமப் போயிரும்" என்றார். கேட்காமல் இருந்த நாட்களை நோட்டில் குறித்தார். கை நன்றாகவே இருந்தது. அந்த நோட்டைப் பார்த்து அவர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். நான் எவ்வளவு எடுத்துச் சொல்லியிருந்தாலும் அந்த முடிவு வந்திருக்காது.

வீட்டுக்கு அனுப்பும் முன் இன்னொரு வேலை இருந்தது. நேராகத் தறிப்பட்டறைக்கு, அதுவும் இரவு ஷிப்டுக்குப் போனால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம். அதனால் முதலில் வீட்டிலேயே தினமும் கொஞ்ச நேரம் தார் சுற்றும் வேலை, அதாவது தறிக்கான ஊடு நூலைச் சிறு குழலில் சுற்றுவது. பிறகு பகல் ஷிப்டு, அதுவும் அரை நாள். இந்தத் திட்டத்தை எழுதியது ஒரு பயிற்சி மாணவி. தார் சுற்றுவதென்றால் என்னவென்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நோயாளியின் அம்மா.

அம்மா என்றதும் இன்னொன்று சொல்லியாக வேண்டும். நம் நாட்டு வார்டுகளில் நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்குவது சாதாரணம். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார். நம் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் குடும்பம் உடன் தங்குவது சிகிச்சையின் பகுதியாக வளர்ந்தது. பயிற்சிக்கு வருகிறவருக்கு இது பெரும் பேறு. மகன் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்குவதை முதலில் பார்ப்பது அம்மாதான். நோய் திரும்புவதற்கு முன் தூக்கம் குறைவதையும், குளிக்க மறுப்பதையும், சாப்பாட்டுத் தட்டைச் சந்தேகமாகப் பார்ப்பதையும் எங்களுக்கு முன்பே சொல்லிவிடுவார்.

வீட்டார் கற்க வேண்டியதும் உண்டு. ஓர் அப்பா வார்டிலேயே மகனைப் பார்த்து, "தண்டச்சோறு, நாள் பூரா படுத்தே கெடக்கான்" என்று கத்தினார். ஆர்வம் வற்றிப்போவது, எழுந்திருக்கவே முடியாமல் போவது இவையெல்லாம் மனச்சிதைவு நோயின் அறிகுறிகள். ஓயாத குறைகூறலும் வெறுப்பும் உள்ள வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகம் என்று லண்டனில் ஜார்ஜ் பிரௌனும் சக ஆய்வாளர்களும் 1972இலேயே காட்டினார்கள். அந்த அப்பாவோடு பல நாள் பேசினோம். ஒரு நாள் அவரே, "எந்திரிச்சு டீ குடிச்சான் டாக்டரம்மா, அதுவே பெருசு" என்றார். பக்கத்திலிருந்த பயிற்சி மாணவருக்கு அன்றைய பாடம் அதுதான்.

சட்டமும் இப்போது எங்கள் மீது பொறுப்பு வைத்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். தமிழ்நாடு மறக்கக் கூடாத நாள் அது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தானாக முடிவெடுக்க இயலாத ஒருவரை வார்டில் சேர்க்க இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். மற்றவர் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளராக இருக்கலாம். ஒரு மனிதரின் சுதந்திரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் கையெழுத்து அது. வார்டில் பழகாத கை அதைப் போடக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நேரம் நெருங்கிவிட்டது. நோயாளியோடு உட்காரப் பழகுவது, வீட்டாரிடம் கற்பது, அவர்களுக்குக் கற்பிப்பது, வேலைக்குத் திரும்பும் வழியை நோயாளியின் ஊருக்கும் தொழிலுக்கும் ஏற்ப அமைப்பது: பயிற்சி என்று நான் சொல்வது இவ்வளவுதான். இப்படிப் பழகிய உளவியலாளர் ஒருவர் ஓமலூரிலும் மேட்டூரிலும் எடப்பாடியிலும் அரசு மருத்துவமனையில் இருக்கும் காலம் வர வேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளில் சிலர் அந்த வேலைக்கு வர வேண்டும், நம் தறிக்காரர்களின் பேச்சு தெரிந்தவர்கள் வந்தால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிரமம் இருந்தால் மறைக்காதீர்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். சீக்கிரம் வந்தால் சீக்கிரம் வேலைக்குத் திரும்பும் வாய்ப்பும் கூடும்.