மரத்தின் வைரம் பார்த்து வாங்குவோம்

(வீடு கட்டும் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்துக் காம்பிராவை விட்டு ஏழு பேர்ச் காணியில் சொந்த வீடு கட்டப் போகிறோம். நம்மில் பலர் நகையை அடகு வைத்துத்தான் மரம் வாங்க வேண்டியிருக்கிறது. மரக்காலையில் அந்தக் காசு வீணாகக் கூடாது. அதனால் மரத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். நமக்குப் பழக்கமான நா மரத்தையே எடுத்துக்கொள்வோம்.

1986ஆம் ஆண்டு முதல் இது நம் நாட்டின் தேசிய மரம். சிவந்த கொழுந்து விடும். ஆங்கிலேயர் இதற்கு இரும்பு மரம் என்றே பெயர் வைத்தார்கள். ஒரு கன அடி தண்ணீர் சுமார் 28 கிலோ. ஒரு கன அடி நா மரத்து வைரம், உலர்ந்த பிறகும், ஏறத்தாழ 30 கிலோ வரும். ஆகவே தண்ணீரில் போட்டால் தாழும். ரயில் பாதைச் சிலிப்பர் கட்டை, பாலம், தூண் போன்ற பாரம் தாங்கும் வேலைகளுக்கு ஏற்ற மரம் இது.

ஆனால் பெயரை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. நடுவில் கருஞ்சிவப்பாக இருப்பதுதான் வைரம். கறையான் அதை எளிதில் தின்னாது. ஓரத்தில் வெளிறிக் கிடக்கும் பகுதி சீக்கிரம் உளுத்துவிடும். கதவு நிலை வாங்கும்போது நான்கு பக்கமும் திருப்பிப் பார்ப்போம்.

பாரமான மரம் எல்லா இடத்துக்கும் தேவையில்லை. மண்ணோடு ஒட்டும் தூணுக்கும் நிலைக்கும் அது நல்லது. கூரைக் கைமரத்துக்குப் போட்டால் சுவருக்கு வீண் சுமை, நமக்கு வீண் செலவு. பச்சை மரத்தை வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, மெதுவாக உலர்த்த வேண்டும். துளை போட்ட பிறகே ஆணி அடிக்க வேண்டும். தூக்கும்போது ஆள் சேர்த்துத் தூக்குவோம். கொழுந்துக் கூடை சுமந்த முதுகு இதையும் தனியாகச் சுமக்க வேண்டாம்.

தோட்டத்து மரத்தை அனுமதியில்லாமல் வெட்டாதீர்கள். வழக்கு வந்தால் வேலைக்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து.

கடைசியாக ஒன்று. மரக்காலைக்குத் தனியாகப் போகாமல் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து, தச்சு பாஸையும் கூட்டிக்கொண்டு போவோம். மரத்தின் பெயரையும் கன அடியையும் பில்லில் எழுதி வாங்குவோம். சொன்னது ஒன்று, ஏற்றி வந்தது வேறொன்று என்றால், கேள்வி கேட்க நம் கையில் அந்தப் பில் இருக்க வேண்டும்.