புதிய கணினி மொழி கற்போர் எந்த நூலைத் தேர்ந்தெடுப்பது?

(ஜமாஅத் சார்பில் நடைபெற்ற மாணவர் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கணினி கற்க வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கு இனி எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கேட்பது வேறு. "பைத்தான் படிக்க விரும்புகிறேன், எந்தப் புத்தகம் வாங்குவது, எந்த வகுப்பில் சேர்வது?" என்று கேட்கிறார்கள். இதற்குச் சரியான விடை கிடைக்காத காரணத்தால், வளைகுடாவில் உழைக்கும் தந்தை அனுப்பிய பணமும், அடகுக்குப் போன தாயின் நகையும் பயிற்சிக் கட்டணமாகக் கரைந்துவிடுகின்றன. கையில் ஒரு சான்றிதழ் மிஞ்சுகிறது. நேர்முகத் தேர்விலோ, "இந்தக் கணக்குக்கு ஒரு நிரல் எழுதிக் காட்டுங்கள்" என்கிறார்கள். ஆகவே பணம் கட்டுமுன், வீட்டிலேயே இருப்பதைப் பார்த்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் இருப்பது என்று நான் சொல்வது அரசுப் பாடநூலை. தமிழக அரசின் புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ் மொழியும், 2019ஆம் ஆண்டு வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான் மொழியும் இடம்பெற்றன. தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் வந்த இந்நூல்களை, தேர்வு முடிந்ததும் பரணில் போட்டுவிடுகிறோம். தொடக்க நிலையில் இதைவிட மலிவான நல்ல நூல் கிடைப்பது அரிது. ஆனால் படிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு நூலின் முதல் நான்கு பாடங்கள் கருத்து விளக்கங்கள். பைத்தான் ஐந்தாம் பாடத்தில்தான் தொடங்குகிறது. தனியே கற்பவர் ஐந்தில் தொடங்கி, நாலைந்து நிரல்கள் எழுதிப் பழகிய பின்னர் முன்பாடங்களுக்குத் திரும்பினால் அவை தாமாகவே விளங்கும். நான்காம் பாடம் அல்காரிதம் பற்றியது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரே லத்தீன் வழியாகத் திரிந்து அந்தச் சொல்லாயிற்று என்பதை மாணவர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பழைய புத்தகக் கடையில் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. கணினி மொழிகளும் காலத்தோடு மாறுகின்றன. பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. நூலைத் திறந்து, 'பிரின்ட்' என்னும் கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் அது பழைய பதிப்புக்குரியது. அதன் நிரல்கள் இன்றைய பைத்தானில் ஓடா. சி பிளஸ் பிளஸ் நூலில் 'ஐஓஸ்ட்ரீம்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'டாட் ஹெச்' என்று இருந்தால், அது 1998இல் அம்மொழிக்குத் தரம் வகுக்கப்படுவதற்கு முந்தைய முறை. டர்போ சி என்னும் பழைய மென்பொருளை வைத்துக்கொண்டு நம் கல்லூரிகள் நெடுங்காலம் அதையே கற்பித்து வந்தன. பிள்ளை தன் மீதே பிழை என்று எண்ணி மனம் உடைந்துவிடுகிறான், பிழை நூலினுடையது.

அதற்காகப் பழையன எல்லாம் கழிக்கத்தக்கவை அல்ல. சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி, பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து எழுதிய நூலின் இரண்டாம் பதிப்பு 1988இல் வெளிவந்தது. சி மொழி அதிகம் மாறாததால் அந்நூல் இன்றும் பயன்படுகிறது. ஆயினும் அது ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. பைத்தான் அமைப்பினர் தம் தளத்தில் இலவசமாக வழங்கும் பயிற்சி நூலும் அத்தகையதே. வேறு மொழி அறிந்தவர்களுக்கானது என்று அதிலேயே கூறியிருக்கிறார்கள். புகழ்பெற்ற நூல் என்று கேட்டு வாங்கி, முதல் அத்தியாயத்திலேயே திகைத்து நின்ற மாணவர்கள் பலர். நூல் நல்லதா என்பதோடு, அது யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் முன்னுரையில் தேடிப் படிக்க வேண்டும். பிறகு ஏதேனும் ஓர் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். தாமே செய்து பார்க்கும் பயிற்சிகள் அங்கே இல்லாத நூலை நான் வாங்க மாட்டேன்.

தமிழிலா ஆங்கிலத்திலா என்ற கேள்வியும் வருகிறது. தொடக்கத்தைத் தமிழில் செய்வதில் கூச்சம் வேண்டாம். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், பத்து நிமிட அளவிலான ஒளிப்படப் பாடங்களைத் தமிழ்க் குரலிலும் வெளியிட்டுள்ளது. படத்தை நிறுத்திவிட்டுக் கூடவே செய்து பார்க்கும்படி அமைந்தவை அவை. இணையப் பக்கங்கள் அமைக்க விரும்புவோருக்குக் கணியம் இதழின் வழியே து. நித்யா அவர்கள் எளிய தமிழில் எழுதிய ஹெச்.டி.எம்.எல். நூல் இலவசமாகக் கிடைக்கிறது. சிறுவர்களுக்கு, முத்தையா அண்ணாமலை அவர்கள் உருவாக்கிய 'எழில்' என்னும் மொழியைக் காட்டலாம். அதில் கட்டளைகளே தமிழில்தான். 'பதிப்பி' என்றால் திரையில் எழுதும். வேலைவாய்ப்புக்கு அது போதாது. ஆங்கிலம் வராததால் கணினியும் வராது என்ற அச்சத்தைப் போக்கப் போதும்.

ஆனால் கணினி காட்டும் பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில்தான் வரும். எனவே மாறி, மடக்கு, செயற்கூறு என்று தமிழில் படிக்கும்போதே, வேரியபிள், லூப், ஃபங்ஷன் என்று பக்கத்தில் எழுதி ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாதவர்கள் அடுத்த நிலைக்கு நகர முடியாமல் தடுமாறுகிறார்கள்.

அடுத்த நிலை என்பது என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் இத்திட்டத்தில், சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய எட்டு வாரப் பைத்தான் பாடம் உள்ளது. பாடங்களைக் காண்பது இலவசம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற மட்டுமே கட்டணம். அதில் வாரந்தோறும் வரும் நிரல் பயிற்சிகளை விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் பார்ப்பது பயனற்றது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டு எழுதி வாங்குவதும் அப்படியே. பிழை ஏன் வந்தது என்று அவற்றிடம் கேட்கலாம். விடையைக் கேட்டால் பயிற்சி அவற்றுக்குத்தான்.

நம் ஊருக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பின் எத்தனை நாள் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இன்றி இருந்தோம் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் இணையத்தை மட்டும் நம்பிப் படிப்பது சரியாகாது. பைத்தானையும் அதன் விளக்க நூல்களையும் முழுமையாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் அத்துடன் சேர்ந்து வரும் ஐடில் என்னும் எழுதுபலகைக்கு இணையமே தேவையில்லை.

ஜமாஅத் நிர்வாகத்திற்கு ஒரு வேண்டுகோள். புதிய கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை. பழைய கணினிகள் இரண்டு, அவற்றில் பதிவிறக்கிய பாடங்கள், பதினொன்று பன்னிரண்டாம் வகுப்பு நூல்களில் நான்கு நான்கு படிகள், இவற்றை ஓர் அறையில் வைத்து, மாலை நேரத்தில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கித் தாருங்கள். வெளியூர்களில் கணினித் துறையில் பணிபுரியும் நம் சகோதரர்கள் விடுமுறைக்கு வரும்போது ஆளுக்கு இரண்டு மாலை வந்து அமர்ந்து, பிள்ளைகள் எழுதிய நிரல்களைப் பார்த்துக் கொடுக்கட்டும். என் பங்குக்கு ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் வருகிறேன்.