டைகருக்கு ஒரு வீடு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்கு ஒதுக்கியிருப்பது பத்து நிமிடம். அதை ஒரு நாய்க்காகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். சிரிக்காதீங்க! விடுதி மாணவர்கள் என்னிடம் ஒப்படைத்த வேலை இது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் பகுதியில் ஏழெட்டு நாய்களுக்கு வீடு தேடிக் கொடுத்திருக்கிறேன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

டைகரைக் காலையில் வாசலிலேயே பலர் பார்த்திருப்பீர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று சொல்லிக்கொள்ள அதற்கு ஜாதகம் கிடையாது. காதைப் பார்த்தால் லாப்ரடார், வாலைப் பார்த்தால் நம்ம ஊர்த் தெரு நாய். பேர்தான் டைகர், பூனை முறைத்தால் ஒதுங்கிப் போகும். இரண்டு வருடத்துக்கு முன் வண்டியில் அடிபட்டுப் பின்னங்கால் ஒடிந்து கிடந்ததை மாணவர்கள்தான் தூக்கிப் போய் வைத்தியம் பார்த்தார்கள். கருத்தடை முடிந்தது. ரேபிஸ் தடுப்பூசி வருடா வருடம் தவறாமல் போட்டு, அட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இங்கேயே நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வீடு என்று கேட்பீர்கள். தெரு நாய்க்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் 2001-ஆம் ஆண்டு விதிகளிலிருந்து வந்த நடைமுறை. 2023-இல் வந்த புதிய விதிகளும் அதையே சொன்னன. ஆனால் 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களில் இருக்கும் தெரு நாய்களை அப்புறப்படுத்திக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று ஆணையிட்டது.

இதில் யார்மேலும் கோபப்பட எனக்கு மனம் இல்லை. குழந்தையைக் கடித்துவிடுமோ என்று பயப்படும் தாயின் பயம் நியாயமானது. ரேபிஸ் நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. மாணவர்களே, எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும், புண்ணைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நாயிடம் பிரியம் வைத்தவர்களுக்கு இந்த அறிவு முதலில் வேண்டும்.

ஆக, டைகருக்கு முன்னால் இருப்பது இரண்டு வழி. ஒன்று காப்பகம், இல்லையென்றால் ஒரு வீடு. அதைக் காப்பாற்றிய மாணவர்களும் வரும் ஏப்ரலில் படிப்பு முடிந்து போகிறார்கள். ‘யார் கேட்டாலும் கொடுத்துடலாம் சார்’ என்றார் ஒரு தம்பி. அங்கேதான் நான் தடுத்தேன். அவசரத்தில் கிடைக்கும் வீடு, ஆறு மாதத்தில் நாயைத் திரும்பவும் தெருவுக்கு அனுப்பிவிடும்.

கேட்பவரிடம் நாம் சில கேள்விகள் கேட்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டாரா? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள்? மொட்டை மாடியில் கட்டிப் போடப் போகிறீர்களா, வீட்டுக்குள் இடம் உண்டா? நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். பத்தாவது படிக்கும் பையன் ஆசைப்படுகிறான், சரி. அவன் வெளியூர்க் கல்லூரிக்குப் போனபின் யார் பார்ப்பது? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவர்தான் நமக்கு வேண்டியவர்.

அதேபோல நாமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நாய் விஷயத்தில் ஒரு பொய் சொன்னாலும் சம்பந்தம் முறிந்துவிடும். எனவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். டைகர் லேசாக நொண்டும். செருப்பைக் கடிக்கும். வெடிச் சத்தம் கேட்டால் நடுங்கி ஓடப் பார்க்கும், தீபாவளிக்குக் கதவைச் சாத்திப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குழந்தைகளிடம் மட்டும் பசு மாதிரி.

கூட்டிப் போனதும் வாலை ஆட்டிக்கொண்டு காலைச் சுற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். விடுதியில் சேர்ந்த முதல் மூன்று நாள் நமக்கு மெஸ் சாப்பாடு இறங்கியதா? அதுவும் மூலையில்தான் படுத்துக் கிடக்கும். பயம் தெளிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பழக மூன்று வாரம், இது நம்ம வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று அனுபவஸ்தர்கள் கணக்குச் சொல்வார்கள். முன்னே பின்னே ஆகலாம். அதுவரை வெளியே கயிறு இல்லாமல் விடாதீர்கள். சோறும் முட்டையும் கொடுங்கள்; சாக்லேட், வெங்காயம், பாயசத்தில் போடும் உலர் திராட்சை இதெல்லாம் நாய்க்கு ஆகாது. வருடாந்திர ஊசியையும் குடற்புழு மருந்தையும் மறக்கக் கூடாது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் உரிமமும் எடுக்க வேண்டும்.

எடுத்துக்கொள்பவரிடம் ஒரே ஒரு நிபந்தனை. ஒத்துவரவில்லை என்றால் எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டோம். இருட்டில் எங்கேயாவது இறக்கிவிட்டு மட்டும் போய்விடாதீர்கள்.

நண்பர்களே, எல்லோராலும் நாய் வளர்க்க முடியாது. தெரியும். வீடு அமையும் வரை ஒரு மாதம் வைத்துக்கொள்ள முடிந்தவர் சொல்லுங்கள். ஊசிச் செலவை ஏற்க முடிந்தவர் சொல்லுங்கள். அதுவும் முடியாதவர்கள் தெரிந்த நாலு பேரிடம் டைகர் கதையைச் சொல்லுங்கள். சொந்தப் பணத்தில் இரண்டு வருடம் ஓர் உயிரைக் காப்பாற்றி வைத்த பிள்ளைகள், அது என்ன ஆகுமோ என்ற கவலையோடு பட்டம் வாங்கிக்கொண்டு போகக் கூடாது. அவர்களுக்கு மூத்தவர்களான நாம் இதையாவது செய்வோம்.

மாணவர்கள் நால்வர் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் தடுப்பூசி அட்டையோடு நிற்கிறார்கள். டைகரும் அங்கேதான். சாப்பிட்டு முடித்ததும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.