சாண எரிவாயு: கொடுப்போரும் பெறுவோரும்

இந்தியக் கிராமங்களில் சாணத்துக்காக வயலும் அடுப்பும் நெடுங்காலமாகப் போட்டியிட்டு வந்துள்ளன. சாணத்தை எருக்குழியில் இட்டால் அடுப்புக்கு விறகு தேட வேண்டும். வறட்டி தட்டி எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும். இவ்விரண்டில் ஒன்றை இழக்க வேண்டியதில்லை என்று காட்டியதே சாண எரிவாயுக் கலனின் சிறப்பு. காற்றுப் புகாத கலனில் சாணத்தையும் நீரையும் ஏறத்தாழச் சம அளவில் கரைத்து ஊற்றினால், நுண்ணுயிர்கள் அதைச் செரித்து, மீதேனும் கரியமில வாயுவும் கலந்த எரிவாயுவை உண்டாக்குகின்றன. வெளிவரும் குழம்பில் தழைச்சத்து பெரும்பாலும் அப்படியே தங்கி, நிலத்துக்கு உரமாகிறது.

புதுடில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் 1930களின் இறுதியில் இதற்கான ஆய்வு தொடங்கியது. 1950களில் ஜஷ்பாய் பட்டேல் வகுத்த மிதக்கும் மூடி அமைப்பைப் பின்னர்க் காதி கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் பரப்பியது. இரும்பு மூடியின் விலையைத் தவிர்க்க, 1978-இல் செங்கல் குவிமாடம் கொண்ட ஜனதா கலனும், 1984-இல் அதனினும் சிக்கனமான தீனபந்து கலனும் வந்தன. கலனின் விலை குறைந்தது. ஆனால் சாணத்தின் கணக்கு மாறவில்லை.

அக்கணக்கு எளியது. ஒரு கன மீட்டர் வாயுவுக்குச் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கன மீட்டர் வாயு செலவாகும். ஆகவே மூன்று நான்கு மாடுகளேனும் தொழுவத்தில் நிற்க வேண்டும். மாடில்லாத கூலிக் குடும்பம் தெருவிலும் மேய்ச்சல் வெளியிலும் பொறுக்கும் சாணமே அதன் எரிபொருள். மாடுடையோர் கலன் கட்டியபின் அச்சாணத்துக்கும் விலை பிறந்துவிட்டால், ஒரு வீட்டின் அடுப்பு புகையின்றி எரிய, மற்றொரு வீட்டின் அடுப்பு அணையும். மானியம் யாரைச் சென்றடைகிறது என்பதை இந்த அரங்கிலுள்ள ஊரக வளர்ச்சி அலுவலர்கள் அறியாதவரல்லர்.

இதற்கு விடை தேடிய முயற்சிகளுள் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்துப் புரா கிராமம் குறிப்பிடத்தக்கது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ‘அஸ்த்ரா’ பிரிவு அங்கே ஊர்ப் பொதுக் கலனை அமைத்தது. எல்லா வீடுகளுக்கும் சமையல் வாயு தருவதே முதல் நோக்கம். கிடைத்த சாணம் அதற்குப் போதவில்லை. ஊராரின் ஆர்வமும் தளர்ந்தது. அவர்களுடைய முதல் தேவை குடிநீர் என்பது பிறகே தெளிவாயிற்று. எனவே, 1987 முதல் அவ்வாயு, சிறிதளவு டீசலின் துணையோடு, ஒரு சிறு எந்திரத்தை ஓட்டியது. அதன் மின்சாரத்தால் ஆழ்குழாய்க் கிணற்று நீர் தெருக் குழாய்களுக்கு வந்தது. வீடுகளில் விளக்கு எரிந்தது. மாடில்லாதாருக்கும் இரண்டும் கிட்டின.

சாணம் கொண்டுவந்தோருக்குக் கிலோவுக்கு இரண்டு காசு தரப்பட்டது. குழம்பும் அவர்கள் தந்த அளவுக்கேற்ப அவர்களுக்கே திரும்பியது. தொகை சிறிதுதான். ஆயினும் பெரும்பாலும் அது சுமந்துவந்த பெண்கள், சிறுவர்கள் கைக்கே சென்றது. பொறியாளர்கள் எந்திரத்தைப் பற்றி நிறைய எழுதுவர். கலனுக்கு நாள்தோறும் சாணம் வந்ததற்கு இந்த இரண்டு காசும் குழம்புமே காரணம் என்று கொள்வதே பொருந்தும்.

சாணத்துக்குச் சொன்னது வயல் கழிவுக்கும் பொருந்தும். அரியானாவின் பானிப்பட்டில் நெல் வைக்கோலிலிருந்து நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் எத்தனால் எடுக்கும் திறனுடன் அமைக்கப்பட்ட ஆலை, 2022 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் இரண்டு லட்சம் டன் வைக்கோல் அதன் தேவை. அப்பகுதியில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரங்களே உள்ளன. அதற்குள் வைக்கோலைத் திரட்டி, கட்டி, வண்டியேற்றி, மழையில் நனையாமல் அடுக்கியாக வேண்டும். அச்செலவை உழவர் தலையில் ஏற்றினால் வைக்கோல் ஆலைக்கு வாராது, வயலிலேயே எரியும்.