ஒன்பதாவதாக வந்தவர்

கணிதமும் இயற்பியலும் படித்த பிள்ளைக்கு இராணுவத்தில் என்ன வேலை என்று பீடோர் பக்கத்துத் தோட்டங்களில் பெற்றோர் கேட்பதுண்டு.

இராமேஸ்வரத்து அப்துல் கலாமைப் பாருங்கள். 1954-இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்தார். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லை. தமக்கை சோகரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். தம்பி விமானப் பொறியியல் படித்தார்.

1958-இல் டேராடூனில் விமானப்படைத் தேர்வு. 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார். எடுத்ததோ எட்டுப் பேரை! மனம் நொந்து ரிஷிகேஷ் போய்ச் சுவாமி சிவானந்தரைக் கண்டார். பிறகு டில்லி திரும்பி, தற்காப்பு அமைச்சில் அறிவியல் உதவியாளர் வேலையை ஏற்றார். அவர் வழிநடத்திய திட்டத்தில் 1989-இல் அக்னி ஏவுகணை பறந்தது. 2002-இல் குடியரசுத் தலைவராகி முப்படைகளுக்கும் தலைவரானார். 2006-இல், 74 வயதில், சுகோய் போர் விமானத்தில் துணை விமானியாகப் பறந்தார்.

நம் நாட்டில், சுங்கை பெசியில், தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் உண்டு. பட்டப்படிப்பும் அதிகாரிப் பயிற்சியும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகள் விண்ணப்பிக்கட்டும். ஒருமுறை இடம் கிடைக்காமல் போனால் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஒன்பதாவதாக வந்தவரின் கதையைச் சொல்லுங்கள்.