எடையறிந்து மருந்து

சித்தூர் மாவட்டத்தில், தமிழகமும் கர்நாடகமும் அணுகி நிற்கும் எல்லைப்புறத்தே அமைந்தது ராமகுப்பம். அவ்வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் பல. கூட்டைச் சந்தையில் நிறுக்குங்கால் தராசு முள்ளை இமைகொட்டாமல் பார்க்கும் நாம், குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும்போது மட்டும் எடையை மறந்துவிடுகிறோம். "ஒரு கரண்டி கொடு" என்பதோடு நம் கணக்கு முடிகிறது. எந்தக் கரண்டி என்று கேட்பாரும் இல்லை!

வயதைக் கொண்டு அளவு கூறுவதும் போதாது. இரண்டு வயதுப் பிள்ளைகளுள் ஒன்று 9 கிலோ இருக்கும். மற்றொன்று 13 கிலோ இருக்கும். பாராசிட்டமால் என்னும் காய்ச்சல் மருந்தை எடுத்துக்கொள்வோம். கிலோ ஒன்றுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது.

இனித்தான் இடர் தொடங்குகிறது. கடையில் விற்கும் ஒரு புட்டியில் 5 மில்லி மருந்துக்கு 120 மில்லிகிராம். மற்றொன்றில் அதே 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைச் சொட்டுமருந்திலோ ஒரு மில்லியிலேயே 100. ஆகவே அக்குழந்தைக்கு முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3, சொட்டுமருந்தில் ஒன்றரை. சென்ற முறை 6 மில்லி ஊற்றிய நினைவில் புதுப் புட்டியிலும் அவ்வாறே ஊற்றினால் இருமடங்காகிறது. சொட்டுமருந்தாயின் நான்கு மடங்கு. மிகையான மருந்து ஈரலைத் தாக்கும். முதல்நாள் குறி ஏதும் தோன்றாமலும் இருக்கலாம். சளிமருந்துகள் சிலவற்றிலும் இதே பாராசிட்டமால் கலந்திருப்பதை நாம் எண்ணுவதில்லை. வேளைக்கு வேளை நான்கு மணியேனும் இடைவெளி வேண்டும். நாளொன்றுக்கு நான்கு வேளைக்கு மிகலாகாது.

அங்கன்வாடியில் குழந்தையை நிறுத்து அட்டையில் குறிக்கின்றனர். அந்த அட்டையை மருத்துவரிடம் காட்டுவோமாக. புட்டியோடு வரும் கோடிட்ட சிறு கிண்ணத்தையும் எறிந்துவிட வேண்டா.

இவ்விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. காட்டோர வயல்களில் பாம்புக்கடி நமக்குப் புதிதன்று. பாம்பு, தீண்டப்படுவது குழந்தையென்று நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை. நஞ்சுமுறி மருந்து முறிப்பது நஞ்சையே, உடலை அன்று. ஆதலின் பெரியவருக்குப் பத்துக் குப்பியெனில் குழந்தைக்கும் பத்தே. அதைக் கலந்து ஏற்றும் உப்புநீரை மட்டும் மருத்துவர் எடை பார்த்தே அளக்கிறார்: கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி.